பதினேழாவது கேள்வி

சென்ற வாரம் இந்தத் தொடரில் ஒரு இடத்தில் தவறாக எழுதிவிட்டேன். விஜி அக்காவின் ஆராய்ச்சியில் லோகுவைச் சேர்க்கச் சொன்னது அப்பா என்று எழுதியிருந்தேன். அப்பா சொல்லவில்லை. ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவில் அக்காவுக்கு முப்பது பிள்ளைகள் வேண்டும். இருபத்தொன்பது வீட்டிலிருந்துதான் சம்மதக் கையெழுத்து வந்தது. முப்பதாவதாக லோகுவைச் சேர்த்தது அக்காவேதான். அப்பா கையெழுத்து மட்டும் போட்டார்.

இதைத் திருத்தாமல் இந்த வியாழக்கிழமையை எழுத முடியாது.

எங்கள் வீட்டுக்குள் இந்த வாரம்தான் நுழைகிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்ரீவைகுண்டத்தில் இருக்கிறோம். அப்பா பூதலிங்கம், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அம்மா ஆவுடைத்தாய். மூத்தவள் விஜயஸ்ரீ, பாளையங்கோட்டையில் ஒரு நர்சிங் கல்லூரியில் எம்.எஸ்ஸி. படிக்கிறாள். விடுதியில் தங்கி, சனிக்கிழமை வீட்டுக்கு வருவாள். அடுத்தவன் நடராஜ், நான்தான். பகலில் ஜெராக்ஸ் கடையில் வேலை, மாலையில் கல்லூரி. கடைசி, லோகஸ்ரீ. பதினாலு வயது.

தங்கள் உடம்பைப் பற்றிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும், ஒன்று என்றால் யாரிடம் போய்க் கேட்பார்கள் என்பதுதான் அக்காவின் ஆராய்ச்சி. முதலில் இரண்டு பிரிவுக்கும் ஒரே கேள்வித்தாள். பிறகு அ பிரிவுக்கு மட்டும் பாடம். ஆ பிரிவுக்கு ஒன்றும் கிடையாது. ஒரு மாதம் கழித்து அதே கேள்வித்தாள் மறுபடியும் இரண்டு பிரிவுக்கும். இரண்டு பிரிவின் மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசம்தான் அவளுடைய ஆய்வேடு. இரண்டாவது தேர்வு முடிந்ததும் ஆ பிரிவுக்கும் பாடம் உண்டு. அதுவரை அவர்கள் காதில் ஒரு வார்த்தை விழக்கூடாது.

லோகு ஆ பிரிவு.

அதனால் வீட்டில் ஒரு சட்டம் வந்தது. லோகு இருக்கும்போது நோய் நொடி பற்றிப் பேசக்கூடாது. அம்மாவின் முட்டு வலிகூட அடுப்படிக்குப் போய்விட்டது. அப்பாவுக்கு இந்தச் சட்டம் மிகவும் பிடித்திருந்தது. "பூதலிங்கம் சார் பரீட்சை ஹாலுக்கு வந்தா ஃபேன்கூட பையத்தான் சுத்தும்" என்று ஊரில் சொல்வார்கள். தன் அண்ணன் மகனையே பிட்டுடன் பிடித்து வெளியே அனுப்பியவர்.

முதல் தேர்வு முடிந்த வாரம், தோசை தின்றுகொண்டிருக்கும்போது லோகு கேட்டாள்.

"அக்கா, பதினேழாவதுக்கு என்ன பதில்க்கா?"

"ஏட்டி, மார்க்குக்கு அலையுதியா? அதெல்லாம் இப்பம் கேக்கக்கூடாது. ரெண்டாம் தடவ எழுதி முடி, சொல்லுதேன்."

"கேட்டது தப்பில்ல," என்றார் அப்பா. "சொல்லாம இருக்கால்லா, அவதான் கெட்டிக்காரி."

எல்லோரும் சிரித்தோம். அடுத்த சனிக்கிழமையும் கேட்டாள். அதற்கடுத்த சனிக்கிழமையும் கேட்டாள். அதன் பிறகு வீட்டில் அவள் பெயரே பதினேழு என்று ஆகிவிட்டது. "ஏ பதினேழு, சொம்ப எங்கட்டி வச்ச?" என்று அம்மாவே கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். சொம்பு எப்போதும் லோகுவிடம்தான் இருக்கும். மாசி வெயில், பிள்ளை தண்ணீராகக் குடிக்கிறது என்று நினைத்தோம்.

நான் அப்போது என்ன நினைத்தேன் என்று இப்போது எழுதும்போது ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். இன்றைக்குத் தெரிந்ததை அன்றைக்கே தெரிந்ததுபோல எழுதிவிடக் கூடாது. நான் ஒன்றும் நினைக்கவில்லை.

---

வியாழக்கிழமை இரண்டாவது தேர்வு. அக்கா புதன்கிழமையே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

காலையில் லோகு எழுந்திருக்கவில்லை. பாயிலேயே சுருண்டு கிடந்தாள். விடியும்போது இரண்டு தடவை வாந்தி எடுத்திருந்தாள்.

"வயித்த வலிக்குதுங்கா. இன்னைக்கு விட்டுரு விஜி," என்றாள் அம்மா. "நேத்து மிச்சரத் தின்னுட்டுக் கெடந்தா. பேதிக்குக் குடுத்தாச் சரியாப் போவும்."

"இன்னைக்கு ஒரு நாள்தானம்மா. முப்பது பேர் இருந்தாத்தான் கணக்கு வரும். இவ இல்லன்னா எல்லாமே போச்சு."

"பிள்ளைக்கு முடியலங்கேன், நீ கணக்குப் பேசுத."

"அரை மணி நேரம். எழுதுனதும் நானே கூட்டியாந்து விட்டுருதேன்."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா பேப்பரை மடித்தார்.

"பரீட்சை அன்னைக்கு வயித்த வலி எல்லாப் பிள்ளைக்கும்தான் வரும். நான் பாக்காததா? ஹாலுக்குப் போயி உக்காந்தா ஓடிரும்."

லோகு எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யூனிஃபார்ம் பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. அம்மா ஊக்கைக் குத்திவிட்டாள். "உசரம் போடுதால்லா, அதான் மெலிஞ்சுட்டா," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வாசலில் அக்கா ஸ்கூட்டியைக் கிளப்பும்போது லோகு கேட்டாள்.

"இன்னைக்கு எழுதிட்டா கேக்கலாம்லாக்கா?"

"எழுதிட்டு வா. பதினேழு என்ன, முப்பதுக்கும் பதில் சொல்லுதேன்."

அக்கா முன்னால் போனாள். கேள்வித்தாள் கட்டை முன்னால் வைத்துக்கொண்டு, லோகுவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு நான் பைக்கில் போனேன். கடையில் அரை நாள் லீவு சொல்லியிருந்தேன். அவள் என் முதுகில் சாய்ந்துகொண்டாள். மூச்சு என் கழுத்தில் பட்டது. அதில் கனிந்த பழத்தின் வாசனை அடித்தது. அந்தச் சாலையில் எப்போதும் வாழைத்தார் லாரிகள் நிற்கும். தார் பழுக்கிற வாசனைதான் என்று இருந்துவிட்டேன்.

"பழம் தின்னியாட்டி?" என்று சும்மா கேட்டேன்.

"ஒண்ணும் திங்கலண்ணே."

---

பள்ளியில் ஆ பிரிவு மாடியில் இருந்தது. லோகு படியேறுவதற்குள் இரண்டு தடவை உட்கார்ந்தாள். அவள் பெஞ்சுத் தோழி தஸ்மியா வந்து கைத்தாங்கலாகக் கூட்டிப் போனாள்.

அக்கா தாள்களைக் கொடுத்தாள். நான் கதவருகே நின்றேன்.

"யாரும் பேசக்கூடாது. பக்கத்துல பாக்கக்கூடாது. தெரியலன்னா தெரியலன்னு போடுங்க, தப்பில்ல." அக்காவின் குரல் அச்சு அசலாக அப்பாவின் குரல்.

கொஞ்ச நேரம் பேனாச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு இன்னொரு சத்தம். யாரோ ஓடிவந்தவர் மாதிரி ஆழமாக மூச்சு இழுக்கிற சத்தம். மூன்றாவது பெஞ்சிலிருந்து வந்தது.

"மிஸ், லோகஸ்ரீ!" என்று தஸ்மியா எழுந்தாள். "எழுப்பினா எந்திரிக்க மாட்டேங்கா."

அக்கா திரும்பினாள். அடுத்து நடந்ததை நான் நேரில் பார்த்தேன், ஆகவே சரியாக எழுத முடியும். அக்கா ஓடினாள். லோகுவின் முகத்தருகே குனிந்து முகர்ந்து பார்த்தாள். முகர்ந்த அந்தக் கணமே அவள் முகம் செத்துப்போயிற்று.

"சுகர்," என்றாள். யாரும் கேட்கவில்லை, அவளாகச் சொன்னாள்.

அவள் பையில் சர்க்கரை பார்க்கிற கருவி இருந்தது. அ பிரிவுப் பாடத்துக்காக வாங்கியது. ஊசி குத்தினால் வலிக்காது என்று காட்டுவதற்காக, அ பிரிவில் விருப்பப்பட்ட அத்தனை பிள்ளைகளின் விரலிலும் குத்திப் பார்த்திருந்தாள். ஆ பிரிவில் யார் விரலிலும் குத்தவில்லை. குத்தினால் அதுவும் பாடமாகிவிடும்.

இப்போது லோகுவின் விரலில் குத்தினாள். கருவியில் எண் வரவில்லை. எண்ணுக்குப் பதிலாக இரண்டு எழுத்து வந்தது.

"என்னக்கா இது? கெட்டுப்போச்சா?"

"இதுக்கு மேல எண்ணத் தெரியாதுன்னு சொல்லுது. நூத்தியெட்டக் கூப்பிடு. ஓடு."

ஆம்புலன்ஸ் வருவதற்குள் லோகுவை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள், காலரைத் தளர்த்தினாள், யாரும் வாயில் எதையும் ஊற்றிவிடக் கூடாது என்று சத்தம் போட்டாள். அவள் நல்ல நர்ஸ். இதை நான் அவளுக்காகப் பேசவேண்டும் என்று எழுதவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

தஸ்மியா சுவரோரமாக நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"மிஸ், இவ முதல்லயே சொன்னா மிஸ். அந்தக் கேள்வி தன்னப் பத்தியே இருக்குன்னு சொன்னா."

"எந்தக் கேள்வி?"

"பதினேழு. இதெல்லாம் எனக்கு இருக்குடி, இது என்ன நோய்னு தெரியலடின்னு சொன்னா. நான்தான் உங்க அக்காகிட்ட கேளுன்னேன். கேட்டேன், ரெண்டாம் பரீட்சை முடியட்டும்னு சொல்லிட்டாங்கன்னு சொன்னா. பயமா இருக்கு, சீக்கிரம் பரீட்சை வந்தா நல்லதுன்னு தினமும் சொல்லுவா மிஸ்."

கீழே லோகுவின் தாள் கிடந்தது. அதைக் கடையில் அச்சடித்தது நான். அடித்த எதையும் நான் படிப்பதில்லை. இப்போது படித்தேன்.

'அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைதல். இவை எந்த நோயின் அறிகுறிகள்?'

நான்கு விடைகள் கொடுக்கப்பட்டிருந்தன. லோகு பேனாவைத் திறக்கவே இல்லை.

---

உள்ளூர் ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றி உடனே பாளையங்கோட்டைக்கு அனுப்பினார்கள். கருங்குளம், செய்துங்கநல்லூர் என்று ஊர்கள் போய்க்கொண்டே இருந்தன. அக்கா வழி முழுக்க லோகுவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். நான் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் இருக்க, ஜன்னல் வழியே வாழைத் தோட்டங்களைப் பார்த்தேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா விவரம் கேட்டார். எத்தனை நாளாகத் தாகம், எவ்வளவு மெலிந்தாள், வாந்தி எப்போது ஆரம்பித்தது. அக்காவுக்கு எதற்கும் பதில் தெரியவில்லை. தினம் கூட இருந்தவன் நான். நான்தான் சொன்னேன்.

"மூச்சுல பழ வாசனை வந்துதா?"

"வந்துது மேடம். நான் வாழைத்தார்னு நெனச்சேன்."

டாக்டரம்மா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். அதையும் எழுதிக்கொண்டார். பிறகு அக்காவிடம், "நீங்க நர்ஸா?" என்று கேட்டார்.

"ஆமா மேடம்."

"வீட்டுல பாக்கலையா?"



அம்மாவும் அப்பாவும் பஸ்ஸில் வந்து சேர்ந்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே நீளமான பெஞ்சு. நான்தான் எல்லாவற்றையும் சொன்னேன். தஸ்மியா சொன்னதையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாமோ என்று இன்னும் யோசிக்கிறேன்.

அம்மா முதலில் அழவில்லை. அக்காவுக்கு முன்னால் போய் நின்றாள்.

"மார்க்குக்கு அலையுதியான்னு கேட்டேல்லா நீ."

"அம்மா..."

"ஊருப் பிள்ளைக விரலையெல்லாம் குத்திப் பாத்த. எம் பிள்ளைய மட்டும் குத்தல. ஏன்னா அவ தெரியாத பிள்ளையா இருக்கணும். தெரியாத பிள்ளை வேணும் ஒனக்கு, இல்ல?"

"எனக்குத் தெரிஞ்சிருந்தா விட்ருப்பேனாம்மா?"

"தெரிஞ்சுக்கிடத்தானட்டி அவ கேட்டா! மூணு வாரமாக் கேட்டா! நாங்கதான் பேரு வச்சுச் சிரிச்சோம்."

பக்கத்துப் பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா எழுந்து, "பைய பேசு ஆவுடை. ஆஸ்பத்திரி," என்றார்.

அம்மா அவர் பக்கம் திரும்பினாள். நான் பிறந்ததிலிருந்து அம்மா அப்பாவை அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

"ஒங்களக் கேக்கேன். ஹால்ல சொல்லக்கூடாது, சரி. அது ஒங்க பள்ளிக்கூடம். எம் வீட்ட எதுக்கு ஹாலாக்குனீய?"

அப்பா உட்கார்ந்துவிட்டார்.

"தண்ணிச் சொம்ப எடுத்துக்கிட்டே திரிஞ்சா. நானும் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்," என்றாள் அம்மா, யாரிடம் என்று இல்லாமல். அப்போதுதான் அழுதாள். அக்கா தொடப் போனபோது கையைத் தட்டிவிட்டாள்.

சாயங்காலம் டாக்டரம்மா வெளியே வந்தார். சர்க்கரை இறங்க ஆரம்பித்திருக்கிறது, இன்று ராத்திரி முழுவதும் கவனிக்க வேண்டும் என்றார். உடம்பில் இன்சுலின் சுரக்கவில்லை, இனிமேல் தினமும் ஊசி என்றார்.

"எத்தன நாளைக்கு டாக்டர்?" என்றாள் அம்மா.

"ஆயுசுக்கும்மா."

"மாத்திரை கெடையாதா?"

"இந்த வகைக்குக் கெடையாது." பிறகு, "கொஞ்சம் முன்னாடியே கொண்டாந்திருந்தா இந்த அளவுக்கு வந்திருக்காது. நோய் வந்ததுக்கு யாரும் காரணம் இல்ல, அதையும் கேட்டுக்கங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த இரண்டாவது வாக்கியம் எங்களில் யாருக்கும் கேட்டதாகத் தெரியவில்லை.

அக்காவின் செல்போன் அடித்தது. வழிகாட்டிப் பேராசிரியர் மகேஸ்வரன். பக்கத்தில் இருந்ததால் எனக்கும் கேட்டது.

"கேள்விப்பட்டேம்மா. பிள்ள எப்படி இருக்கா?... சரி, சரி. தைரியமா இரு. ஆய்வப் பத்திக் கவலப்படாத. அந்த ஒரு பிள்ளைய விட்டுரு. இருபத்தொம்பத வச்சே பண்ணிரலாம்."

"முப்பது வேணும்னு சொன்னீங்களே சார்."

"வேணும்தான். ஒண்ணு குறைஞ்சா பரவாயில்லம்மா. காரணம் ஒரு வரி எழுதிட்டாப் போதும்."

அக்கா போனை மடியில் வைத்தாள். அவர் இன்னும் ஆறுதலாகப் பேசிக்கொண்டிருந்தார். சின்னதாகச் சத்தம் வந்துகொண்டிருந்தது. அவள் அணைக்கவுமில்லை, காதில் வைக்கவுமில்லை.

"ஒண்ணு குறைஞ்சா பரவாயில்லையாம்லே நடராஜ்," என்றாள் என்னிடம்.



கதவு திறந்தது. உள்ளிருந்து ஒரு சிஸ்டர் எட்டிப் பார்த்தார்.

"லோகஸ்ரீ வீட்டுக்காரங்க யாரு? பிள்ள கண்ணு முழிச்சிருக்கு. அக்காவக் கேக்குது. ஒருத்தர் மட்டும் வாங்க."

அக்கா அம்மாவைப் பார்த்தாள். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள். கதவில் சாய்ந்து நின்றாள்.

"என்ன கேட்டா?" என்றாள் அம்மா, பார்க்காமலே.

"பரீட்சை முடிஞ்சிட்டாக்கான்னு கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"முடிஞ்சிட்டுன்னேன்." அக்காவின் வாய் கோணியது. "அப்பம் பதினேழுக்குப் பதில் சொல்லுக்கான்னு கேக்கா."

"சொன்னியா?"

அக்கா தலையை ஆட்டினாள். சொல்லவில்லை. "வாய் வரலம்மா. எனக்கு வாய் வரல."

பெஞ்சு கிரீச்சிட்டது. அப்பா எழுந்துகொண்டார். கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்து மாட்டினார். கதவுக்கு நேராக, அக்காவின் முன் வந்து நின்றார்.

"நான் சொல்லுதேன்," என்றார். "பதில் என்னட்டி?"

அப்பா யாரிடமும் விடை கேட்டு நான் பார்த்ததில்லை. அக்கா அவரை நிமிர்ந்து பார்த்துவிட்டு, மிகவும் மெதுவாகச் சொன்னாள்.

"சர்க்கரை நோய்ப்பா."

"சர்க்கரை நோய்," என்று அப்பா ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். ஹாலுக்குள் நுழைவதற்கு முன் பிள்ளைகள் செய்வார்களே, அதுபோல. "ஊசிய யாரு சொல்ல? ஆயுசுக்கும்னதை?"

"அத இன்னைக்குச் சொல்ல வேண்டாம்," என்றாள் அக்கா.

"சொல்லணும்," என்றாள் அம்மா பின்னாலிருந்து. "இனிமே எம் பிள்ள கேட்டதுக்கு நாளைக்குன்னு சொல்லப்பிடாது."

அப்பா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு செருப்பை ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு உள்ளே போனார். கதவு மூடிக்கொண்டது.

கண்ணாடி வழியாக அவர் முதுகு தெரிந்தது. கட்டிலருகே குனிந்தார். வெகுநேரம் குனிந்தே இருந்தார். எதுவரைக்கும் சொன்னார் என்று வெளியே இருந்த எங்களுக்குத் தெரியவில்லை. போர்வைக்குள்ளிருந்து லோகுவின் கை வெளியே வந்தது. அப்பாவின் சட்டையைப் பிடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் பிடிக்கவில்லை. விரலை மட்டும் நீட்டினாள், அ பிரிவுப் பிள்ளைகளுக்குச் செய்த மாதிரி தனக்கும் குத்திப் பார்க்கச் சொல்வது போல.